தொண்டு செய்யப் புறப்படும் நம் பெண்மக்கள்

(பெண்டாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரம் விலைமதிப்புடையது. ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறோம்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்களுக்காகப் பல நாடுகளில் விடுமுறை முகாம்கள் நடத்தப்படுகின்றன. அப்பெண்களுக்குத் தன்னம்பிக்கையும் உடல்நல அறிவும் பொது வாழ்வில் தலைநிமிர்ந்து பேசும் ஆற்றலும் ஊட்டுவது அவற்றின் நோக்கம். அம்முகாம்களில் ஊதியம் பெறாமல் உழைக்கும் தொண்டர்கள் தேவைப்படுகின்றனர். ஐந்தாம் படிவமோ ஆறாம் படிவமோ முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் காத்திருக்கும் நம் பெண்களுள் சிலர் இத்தகைய தொண்டுக்குச் செல்லலாமா? செல்வதானால் பெற்றோர் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்? இவையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட வினாக்கள்.

முகாம் என்பது யாது?

முகாம் என்றவுடன் கூடாரம், விளையாட்டு, ஆடல் பாடல் ஆகியவையே நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஆயினும் நாம் குறிப்பிடும் முகாம் அவற்றோடு நிற்பதன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம்.

ஐரோப்பாவிலுள்ள ருமேனியா நாட்டில் 1989ஆம் ஆண்டின் இறுதியில் பழைய ஆட்சி வீழ்ந்தது. மக்கள் புதிய வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டிருந்த அந்நாளில், 1995ஆம் ஆண்டில், அங்கே பணிபுரிந்த அமெரிக்கத் தொண்டர் சிலர் உள்ளூர் ஆசிரியைகளோடு சேர்ந்து பள்ளிப் பெண்களுக்கென ஒரு முகாமை நடத்தினர். அதற்குக் 'குளோ முகாம்' என்று பெயரிட்டனர். நம் உலகை நாமே வழிநடத்துவோம் என்னும் கருத்தைத் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. ருமேனியாவில் தோன்றிய அந்த முகாம் பிற்காலத்தில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களிலுள்ள பல நாடுகளுக்கும் பரவிற்று.

இத்தகைய முகாமில் நாள் எவ்வாறு கழிகிறது? காலையில் உடற்பயிற்சி. பின்பு சிறு குழுக்களாக அமர்ந்து உரையாடல். பருவமடைந்த பெண்ணின் உடலில் நிகழும் மாறுதல்கள் யாவை, தூய்மையை எவ்வாறு பேணுவது, வேண்டாத தொடுதலை எவ்வாறு மறுப்பது, பணத்தை எவ்வாறு கணக்கு வைத்துச் செலவு செய்வது, மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் என்னென்ன வழிகள் உள்ளன என்பன போன்றவை பேசப்படுகின்றன. மாலையில் விளையாட்டும் கைவினையும் நாடகமும் நடைபெறும். வகுப்பறையில் வாய்திறவாத ஒரு பெண், பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டாம் நாள் மெல்லப் பேசுவாள்; இறுதி நாளில் அனைவர் முன்னிலையிலும் எழுந்து நின்று பேசுவாள். முகாமின் பயன் அங்கேதான் தெரியும்.

தொண்டரின் வேலை என்ன? மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றுவதன்று. ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றுக்கொள்வதே அவருடைய முதல் வேலை. வீட்டு நினைவால் இரவில் அழும் சிறுமியைத் தேற்றுவது, காய்ச்சல் கண்டவளை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வது, எல்லாரும் உண்டார்களா என்று பார்த்தபின் தான் உண்பது, தலைகளை எண்ணிச் சரிபார்த்தபின் விளக்கை அணைப்பது ஆகியவையே தொண்டரின் கடமைகள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தாய்மார்களுக்கு இது புதிய வேலையன்று. தம்பி தங்கையரை வளர்த்துப் பழகிய நம் பெண்களுக்கும் இது அறியாத கலையன்று.

நாம் பெற்ற தொண்டு

வெளிநாட்டுக்குத் தொண்டர்களை அனுப்புவது செல்வந்தர் நாடுகளின் வழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். தொண்டு பெற்ற நாடு நம்முடையது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம்.

1962ஆம் ஆண்டு முதல் 1983ஆம் ஆண்டு வரை, பீஸ் கோர்ப்ஸ் எனப்பட்ட அமெரிக்கத் தொண்டர் அமைப்பைச் சேர்ந்த ஏறக்குறைய 4,000 பேர் நம் நாட்டில் பணிபுரிந்தனர். சிற்றூர்ப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தனர். மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் பணி செய்தனர். அவர்களுள் பலர் கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த இளைஞர்கள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு, நம் உணவை உண்டு, நம் மக்களோடு வாழ்ந்தனர். அவர்களிடம் பாடம் கேட்டவர்கள் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் உயர்ந்தனர்.

அந்த இளம்பெண்களை முன்பின் அறியாத நாட்டுக்கு அனுப்பிய தாய்மாரும் தாய்மாரே. அவர்களுக்கும் அச்சம் இருந்திருக்கும். ஆயினும் அனுப்பினார்கள், நாம் பயன் பெற்றோம். ஒருகாலத்தில் கையேந்திப் பெற்ற குடும்பம், நிலை உயர்ந்தபின் பிறருக்குக் கொடுக்கிறது. நாட்டுக்கும் அந்த முறை பொருந்துமன்றோ?

வாட்டர்லூ வீதி முகாம்

'அதெல்லாம் சரி, ஆனால் தோட்டத்துப் பெண்ணுக்கு இது நடக்கிற காரியமா?' என்று நீங்கள் கேட்கலாம். நம் பெண்கள் இதற்கு முன்பே கடல் கடந்து முகாம் கண்டவர்கள். வரலாற்றைச் சிறிது திருப்பிப் பார்ப்போம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலம். சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்ட கொடிய நாள்கள் அவை. 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, பெண்களுக்கென ஒரு படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள், சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் தொழில் நடத்திவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அப்படையில் சேர்ந்தவர்களுள் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். பலர் தாய்நாடாகிய இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள். பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காதவர்களும் அவர்களுள் பலர்.

போரைப் புகழ்வது நமது நோக்கமன்று. அந்தப் போரில் எந்தப் பக்கம் நியாயம் என்று ஆராய்வதும் இக்கூட்டத்தின் வேலையன்று. அம்முகாமில் அப்பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையே நாம் கவனிக்கிறோம். எழுத்தறியாதவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். வெவ்வேறு மொழியும் சாதியும் மதமும் கொண்டவர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கினார்கள். பர்மாவிற்குச் சென்ற பிரிவினர், இம்பால் போர்முனையிலிருந்து நோயுற்றும் காயமுற்றும் திரும்பிய வீரர்களுக்கு மேமியோ நகரில் செவிலியர்களாகப் பணி செய்தார்கள். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரங்கூனை விட்டுப் பின்வாங்கிய நெடும்பயணத்தின் துன்பங்களையும் தாங்கினார்கள்.

அப்படையின் துணைத்தலைவியாக உயர்ந்தவர் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர். 1925ஆம் ஆண்டில் பிறந்த அவர், படையில் சேர விரும்பியபோது இருபது வயதைக்கூட எட்டவில்லை. வசதியான வீட்டில் வளர்ந்த பெண். நேதாஜியின் உரையைக் கேட்டு, காதில் அணிந்திருந்த அணியைக் கழற்றி நன்கொடையாக அளித்தார். படையில் சேர்வதற்குக் குடும்பத்தினர், குறிப்பாகத் தந்தையார், கடுமையாக மறுத்தனர். பலவாறு எடுத்துக் கூறியபின் தந்தையார் இசைந்தார். தொடக்கத்தில் முகாம் வாழ்வின் கடுமையை அவரால் தாங்க முடியவில்லை, பின்பு பழகிக்கொண்டார். போருக்குப்பின் தொடங்கப்பட்ட மலாயா இந்தியர் காங்கிரசின் ஆரம்பகால உறுப்பினர்களுள் ஒருவராக விளங்கினார். ஜானகி ஆதிநாகப்பன் என்னும் பெயரோடு நம் நாட்டு மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 2014ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஈப்போவிலிருந்து தம் தமக்கையோடு சேர்ந்து சென்ற இராசம்மாவுக்கு அப்போது வயது பதினாறு. பின்னாளில் இராசம்மா பூபாலன் என்று நாடறிந்த ஆசிரியையாகத் திகழ்ந்தார். ஆசிரியைகளுக்கென ஒரு தொழிற்சங்கத்தை 1960ஆம் ஆண்டில் அமைத்து, ஆசிரியர்களுக்கு இணையான ஊதியம் ஆசிரியைகளுக்கும் வேண்டும் என்று போராடினார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நிலையத்தைக் கோலாலம்பூரில் உருவாக்கவும் உழைத்தார். தலைவியாகிய லட்சுமி அம்மையாரோ இந்தியாவுக்குச் சென்று, கான்பூர் நகரில் ஏழைகளுக்கு முதுமை வரையில் மருத்துவம் பார்த்தார்.

இம்மூவரும் புகழ் பெற்றார்கள். ஆயினும் இவர்களோடு சென்று, போர் முடிந்ததும் மீண்டும் தத்தம் தோட்டத்திற்கே திரும்பி, வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு நிரைக்குச் சென்ற பெண்களின் பெயர்களை ஏடுகள் அதிகமாகக் கூறவில்லை. தம் மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் செய்த பாட்டிமார் சிலர் உங்கள் குடும்பங்களிலும் இருந்திருக்கலாம். அந்தப் பிடிவாதம் எங்கே பிறந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கெடாவில் எழுந்த தொண்டர் படை

அந்த உணர்ச்சி போரோடு மறைந்துவிடவில்லை. போர் முடிந்தபின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், நம் கெடா மாநிலத்தில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் 'தொண்டர் படை' என்னும் இயக்கம் எழுந்தது. கள்ளுக்கடையால் குடும்பங்கள் அழிவதைக் கண்ட இளைஞர்கள் அணிதிரண்டு, மதுவிலக்கையும் ஒழுக்கத்தையும் வற்புறுத்தினார்கள். சம்பள நாளில் கணவன் கையிலிருந்த காசு கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்டு வருந்திய பெண்கள் அவ்வியக்கத்தைப் பெரிதும் வரவேற்றார்கள். அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் 'தொண்டர்' என்னும் சொல் நம் தோட்டத்து மண்ணில் வேரூன்றிய சொல் என்பதற்கு அதுவே சான்று. இன்று வெளிநாட்டு முகாம் என்னும் பெயரோடு வருவது, நம் பாட்டன் பாட்டியர் அறிந்திருந்த அதே தொண்டின் வேறொரு வடிவம்.

பூனாவில் ஒரு சங்கம்

இன்றைய நிலையில் நம் பெண்கள் எங்கே செல்லலாம்? பள்ளிகளில் நடைபெறும் பெண் சாரணியர் இயக்கத்தை, அதாவது பாண்டு புத்திரியை, நீங்கள் அறிவீர்கள். நீலச் சீருடை அணிந்து நம் பிள்ளைகளும் அதில் பயிற்சி பெறுகிறார்கள். அவ்வியக்கம் உலகம் முழுவதும் பரவியுள்ளது. பல நாட்டுப் பெண்கள் கூடிப் பழகவும் பயிலவும் அது உலக மையங்களை நடத்திவருகிறது. முதல் மையம் 1932ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மலைப்பகுதியில் திறக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டில் மெக்சிகோவில் மற்றொன்று திறக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்தியாவின் பூனா நகரில் ஆசியாவுக்குரிய மையம் திறந்து வைக்கப்பட்டது. அதன் பெயர் 'சங்கம்'.

அப்பெயருக்கு நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் தெரிந்த நமக்கு, கூடுதலே சங்கம் என்பது தெரியும். பல நாடுகளிலிருந்து வரும் இளம்பெண்கள் அங்கே தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். நிகழ்ச்சிகளை நடத்த உதவுகிறார்கள். பூனா நகரில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பணிபுரியும் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து தொண்டாற்றுகிறார்கள். தொண்டு செய்யச் சென்றவள் அங்கே ஆசிரியையாக மட்டும் இருப்பதில்லை, மாணவியாகவும் இருக்கிறாள். பாண்டு புத்திரியில் இருக்கும் நம் பெண்கள், தம் பள்ளியின் பொறுப்பாசிரியை வழியாக இத்தகைய வாய்ப்புகளைக் கேட்டறிவதே நேரான முறை.

நம் பெண்களிடம் என்ன இருக்கிறது?

'பிற நாட்டுப் பெண்களுக்குக் கற்பிக்க எனக்கு என்ன தெரியும்?' என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை முதலில் போக்க வேண்டும்.

மரத்தின் பட்டையை எவ்வளவு ஆழத்திற்குச் சீவினால் பால் வடியும், எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும் என்பது உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். உலகத்துப் பிள்ளைகள் பேருந்தில் ஏறுகிறார்கள். மருத்துவர் கையுறை அணிகிறார். அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு எழுந்தவர் கையால் வந்தது என்பதை அறியார். அதை எடுத்துச் சொல்வதே ஒரு பாடம். மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளும் ஓரளவு நம் பெண்களுக்குத் தெரியும். மலாய்க்காரர், சீனர், சயாமியர் ஆகியோரோடு அண்டை வீட்டாராக வாழும் பழக்கமும் இப்பெண்டாங் வட்டாரத்தில் உண்டு. மேற்கே நெல்வயலும் கிழக்கே ரப்பர் தோட்டமுமாக அமைந்த இவ்வூரில், வேறுபட்ட மக்களோடு இணங்கி வாழ்வதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. முகாமில் இதைவிடப் பயன்படும் தகுதி வேறொன்றில்லை.

சிறிய திறமையும் பெரிய மாறுதலைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்று கூறுவோம். 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்னும் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஊதியம் பெறாத தொண்டர்களே கற்பித்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டி ஏறினார்கள். முதலில் ஊரார் நகைத்தார்கள். பின்பு என்ன நடந்தது? பேருந்துக்குக் காத்திருக்காமல் வேலைக்குச் செல்லவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவும் அப்பெண்களால் முடிந்தது. நகைத்தவர்களின் வீட்டிலும் மிதிவண்டி நுழைந்தது.

பெற்றோர் எழுப்பும் வினாக்கள்

நாம் தோட்டங்களுக்குச் செல்லும்போது பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் சில உண்டு. அவற்றை ஒளிவு மறைவின்றி எடுத்துக்கொள்வோம்.

முதல் வினா: 'சம்பளமில்லாத வேலைக்கு ஏன் போக வேண்டும்? அந்த மாதங்களில் தொழிற்சாலையில் சேர்ந்தால் நாலு காசு கிடைக்குமே?' இது நியாயமான வினா. வீட்டில் அடுப்பெரிய அவள் வருமானமே வேண்டும் என்ற நிலையிருந்தால், அவள் வேலைக்குச் செல்வதே முறை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓரிரு மாதம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குடும்பமானால், தொண்டு வீண் என்று எண்ண வேண்டா. ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி, சமூகநலப் பணி ஆகியவற்றுக்கு நேர்முகத் தேர்வு நடத்துவோர், 'இதுவரை எதற்குப் பொறுப்பேற்றிருக்கிறாய்?' என்று கேட்பார்கள். பத்துப் பெண்களை மூன்று வாரம் நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லக்கூடிய பெண்ணின் குரலே வேறாக இருக்கும்.

இரண்டாம் வினா: 'வயது வந்த பெண்ணைத் தனியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்?' ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பழமொழி. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணைப் பற்றியும் ஊர் பேசத்தான் செய்கிறது. ஜானகியின் தந்தையாருக்கும் இந்தக் கவலை இருந்திருக்கும். அவர் மறுத்தார், மகள் கூறியதைக் கேட்டார், பின்பு இசைந்தார். மறுப்பது தந்தையின் உரிமையானால், மறுப்பதற்கு முன் கேட்பது தந்தையின் கடமை.

மூன்றாம் வினா: 'போய்வந்தபின் தோட்டத்து வாழ்க்கை அவளுக்குப் பிடிக்காமல் போனால்?' இதைக் கேட்கும் தாயின் உள்ளத்தில் இருப்பது மகளை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, பல குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் குடிபெயர்ந்தன. முகாமுக்குப் போகாத பெண்களும் தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போகிறவள் அஞ்சி அஞ்சிப் போவதைவிட, உலகத்தை ஒருமுறை கண்டு, திரும்பி வரும் வழியும் அறிந்தவளாகப் போவது நல்லதன்றோ?

நான்காம் வினா பணத்தைப் பற்றியது. விமானப் பயணத்திற்கும் விசாவிற்கும் காப்புறுதிக்கும் பணம் வேண்டும். சில அமைப்புகள் தங்கும் செலவையும் உணவுச் செலவையும் தொண்டரிடமே பெறுகின்றன. தனியொரு தொழிலாளிக்கு இது பெருஞ்சுமை. துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் வாங்குமளவு பணம் எந்தத் தொழிலாளியிடமும் இல்லை. சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமும் அவ்வாறு வாங்கப்பட்டதே. தோட்டமே வாங்கிய கைகளுக்கு, ஆண்டுக்கு ஒரு பெண்ணின் பயணச் செலவைச் சேர்ப்பது இயலாத செயலன்று. ஆலயக் குழுவும் மாதர் பகுதியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனம் வைத்தால் போதும்.

எச்சரிக்கையும் வேண்டும்

வாய்ப்பு என்று வருவதெல்லாம் நல்ல வாய்ப்பன்று. அண்மைக் காலத்தில், குறிப்பாக 2022ஆம் ஆண்டில், நல்ல வேலை என்று நம்பிக் கம்போடியா, மியன்மார் முதலிய நாடுகளுக்குச் சென்ற நம் நாட்டு இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் துன்புற்றதை நாளிதழ்களில் படித்தீர்கள். ஆகவே பெற்றோர் பின்வருவனவற்றை மறவாமல் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

முகாமை நடத்துவது யார், எந்த நாட்டில், எந்த முகவரியில், எத்தனை ஆண்டுகளாக என்பதை எழுத்தில் பெறுங்கள். இதற்கு முன் அங்கே சென்று வந்த ஒருவரோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசாமல் ஒப்புதல் அளிக்காதீர்கள். பள்ளி, சாரணியர் இயக்கம், அறிந்த பொது அமைப்பு ஆகியவற்றின் வழியாக வரும் அழைப்பையே முதலில் கருதுங்கள். கைப்பேசியில் மட்டும் பேசி, உடனே பணம் கட்டு என்று அவசரப்படுத்துபவரை நம்பாதீர்கள். கட்டணம் உண்டென்றால் அது எதற்கு என்னும் விவரமும் பற்றுச்சீட்டும் கேளுங்கள்.

கடப்பிதழை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதை மகளுக்கு உறுதியாகச் சொல்லுங்கள். அதன் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பி வருவதற்குரிய பயணச்சீட்டு புறப்படும்போதே கையில் இருக்க வேண்டும். செல்லும் நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவள் பையிலும் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். இன்ன நாளில் இன்ன நேரத்தில் பேசுவாள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல முகாமை நடத்துவோர் இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சினங்கொள்ள மாட்டார்கள். சிறுமியரைத் தொண்டரிடம் ஒப்படைக்குமுன் அத்தொண்டரைப் பற்றியும் அவர்கள் தீர விசாரிப்பார்கள். அவ்வாறு விசாரிக்காத முகாமையும் நீங்கள் ஐயுற வேண்டும்.

இங்கிருந்தே தொடங்குவோம்

இறுதியாக இளம்பெண்களுக்கு ஒரு சொல். கடல் கடந்து செல்லும்வரை தொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், வீட்டில் கைகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். அக்காலத்தில் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தையோ ஆலய மண்டபத்தையோ கேட்டுப் பெறுங்கள். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லவிருக்கும் சிறுமியர் பதினைந்து பேரைத் திரட்டுங்கள். புதிய பள்ளியில் மலாய் மொழியில் எவ்வாறு பேசுவது, பேருந்தில் தொல்லை கொடுப்பவனை எவ்வாறு எதிர்கொள்வது, மாதவிலக்கின்போது எவ்வாறு தூய்மை பேணுவது என்று அக்காள் தங்கைக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள். சுகாதார நிலையத்துத் தாதியை ஒரு மணி நேரம் அழையுங்கள். இதற்கு விசாவும் வேண்டா, விமானமும் வேண்டா.

இத்தகைய முகாமை இரண்டு முறை நடத்திய பெண், வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது வெறுங்கையோடு எழுத மாட்டாள். அவ்வாறே வெளிநாடு சென்று திரும்பியவள், அங்கே கற்றதை இங்குள்ள சிறுமியருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவள். ஊரார் பணம் சேர்த்து அனுப்பியிருந்தால் அந்தக் கடமை இன்னும் பெரிது.

தாய்மார்களே, தந்தைமார்களே! ஒருநாள் உங்கள் மகள் ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து, கையொப்பமிடுங்கள் என்று நீட்டலாம். உடனே கையொப்பமிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. உடனே கிழித்தெறிய வேண்டா என்று மட்டும் வேண்டுகிறோம். அவளை உட்காரச் சொல்லுங்கள். எங்கே, எதற்கு, யாரோடு என்று கேளுங்கள். அவள் சொல்லும் மறுமொழியைக் கடைசிவரை கேளுங்கள். தெரியாததைப் பள்ளி ஆசிரியரிடமோ எங்கள் அலுவலகத்திலோ விசாரியுங்கள். அதன்பின் சரி என்றாலும் இல்லை என்றாலும், அவள் பேசி நீங்கள் கேட்டீர்கள் என்பது அவள் மனத்தில் நிற்கும்.